கடவுள் பங்குக் காற்று

நங்கூரத் தெருவில் இரும்புச் சிலிண்டர் ஒன்று மூச்சு விட ஆரம்பித்த அன்றைக்கு யாரும் வாயைப் பிளந்து நிற்கவில்லை, ஏனென்றால் அன்றைக்குப் பார்த்துத் தண்ணி லாரி வந்துவிட்டது. தண்ணி லாரி வந்த நாளில் வானத்திலிருந்து சம்மனசே இறங்கி வந்தாலும் அந்தத் தெருப் பெண்கள் "கொஞ்சம் ஓரமா நில்லும், குடம் வைக்கணும்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். மெற்றில்டா மட்டும், நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தவள், அடுப்படி மூலையில் யாரோ அசந்து தூங்குவது மாதிரி ஸ்ஸ்ஸ் என்று இழுப்பதும் ஹூ என்று விடுவதும் கேட்டு, பூனைதான் புகுந்துவிட்டது என்று விளக்குமாற்றைக் கையில் எடுத்தாள். பூனை இல்லை. மிளகாய்ச் சாக்குக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காகச் சும்மா நின்றுகொண்டிருந்த மஞ்சள் சிலிண்டர்தான், சும்மா நிற்பதை விட்டுவிட்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"சரி, விட்டுட்டுப் போ," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த குடத்துக்கு ஓடினாள்.

அந்தச் சிலிண்டருக்கு ஒரு கூடப்பிறந்தான் உண்டு. ஏதோ ஒரு காலத்துக் கப்பலை உடைத்த இடத்தில், ஒரே இரும்புப் பட்டையில் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகளாக இரண்டும் கிடந்தன. மெற்றில்டாவின் புருஷன் கஸ்பார் கடலடிக்கு முங்கிச் சங்கு குளிக்கப் போகிறவன். அவன் அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கி வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டான். அப்புறம் ஒன்றுக்கு உள்ளே துரு ஏறிவிட்டது. காற்று பிடித்துக் கொடுக்கிற கடைக்காரர் அதற்குள் டார்ச் அடித்துப் பார்த்து, "இதுல காத்து ஏத்தினா வெடிக்கும்வே, வீட்ல முட்டுக் கொடுக்க வச்சுக்கிடும்" என்று கையை விரித்தார். பட்டையை அறுத்து இரண்டையும் பிரித்தார்கள். நல்லது கஸ்பாரின் முதுகில் ஏறிக் கடலுக்குப் போனது, துருப்பிடித்தது தன் பழைய ரப்பர்க் குழாயோடும் வாயில் கடிக்கிற கட்டையோடும் அடுப்படி மூலைக்கு வந்தது.

கூடக் குளிக்கிற ஆட்கள் எல்லாரும் மீட்டர் வைத்த புது செட்டுக்கு மாறிவிட்டார்கள், எவ்வளவு காற்று மிச்சம் என்று அதில் முள் காட்டும். கஸ்பார் மட்டும் அந்தக் கிழட்டு மஞ்சளைத்தான் கட்டிக்கொண்டு அழுதான். அதில் மீட்டரும் கிடையாது, முள்ளும் கிடையாது. தோளுக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்பி உண்டு, அவ்வளவுதான். பைக்கில் பெட்ரோல் தீர்ந்தால் ரிசர்வில் போடுவோமே, அதே கதை. கம்பி மேலே நிற்கிற வரைக்கும் கடைசிக் கொஞ்சம் காற்றை அது பிடித்து வைத்திருக்கும். மற்றக் காற்று தீர்ந்து மூச்சு இறுக ஆரம்பித்தால் கம்பியைக் கீழே இழுக்க வேண்டும், இழுத்தால் டக்கென்று அந்தக் கடைசிக் காற்று திறக்கும், அதை வைத்துக்கொண்டு மெதுவாக மேலே வந்துவிட வேண்டும். கம்பி தெரியாமல் முன்னாலேயே இறங்கிவிட்டால் போச்சு. மூச்சு இறுகும்போது இழுப்பதற்கு ஒன்றும் இருக்காது.

"மீட்டர் வாங்குங்களேன்," என்று மெற்றில்டா சொல்லாத நாள் கிடையாது.

"மீட்டர் பொய் சொல்லும்ட்டி, மூச்சு பொய் சொல்லாது," என்று அவன் பதில் சொல்லாத நாளும் கிடையாது.

சிலிண்டர் மூச்சு விட ஆரம்பித்த சாயங்காலம் அவன் கரைக்கு வந்து, குளித்துச் சோற்றில் கை வைத்தபோது அவள் கேட்டாள்.

"இன்னிக்கு முதல் குளியில இருமினீங்களா?"

"ஆமா. வாயில கொஞ்சம் தண்ணி போயிட்டு. உனக்கு யாரு சொன்னா, படகுல இருந்த இன்னாசியா?"

"மூலைல நிக்காருல்லா, அவரு இருமினாரு."

கஸ்பார் சிலிண்டரைப் பார்த்தான், மெற்றில்டாவைப் பார்த்தான், அப்புறம் இன்னும் கொஞ்சம் மீன்குழம்பு ஊற்றச் சொன்னான். ஒட்டிப் பிறந்ததுகளைப் பிரித்தால் ஒன்றுக்கு வயிறு வலித்தால் மற்றதுக்கும் வலிக்கும் என்று அவன் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறான், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்பது அவன் நினைப்பு.

அப்படியே அது பழகிப் போனது. கஸ்பார் தண்ணீருக்குள் இறங்கினால் மூலையில் மூச்சு தொடங்கும், அவன் மேலே வந்து படகைப் பிடித்தால் நிற்கும். அவன் சங்கைத் தேடி நிதானமாக நீந்தும்போது நீளமாகவும், நீரோட்டத்தை எதிர்த்துக் கையைக் காலை உதைக்கும்போது குட்டை குட்டையாகவும் வரும். காற்று குறைந்து மூச்சு இறுகினால் இங்கேயும் இறுகும். அவன் அங்கே கம்பியை இழுத்தால் இங்கேயும் கம்பி தானாக டக்கென்று இறங்கும். மெற்றில்டா உடனே போனை எடுத்துப் படகில் இருக்கும் இன்னாசிக்குப் பேசுவாள். இன்னாசி கஸ்பாரின் சேக்காளி, படகு ஓட்டுகிறவன். அவன் ஓர் இரும்புக் குழாயைத் தண்ணீருக்குள் விட்டு ஸ்பானரால் டங் டங் என்று தட்டுவான், அடியில் இருக்கிற கஸ்பாருக்கு அது கேட்கும், மேலே வருவான்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? முதலில் பக்கத்து வீட்டுப் பெர்பெத்தம்மா வந்தாள், அப்புறம் பெர்பெத்தம்மாவின் வாய் போகிற இடமெல்லாம் இருந்து ஆட்கள் வந்தார்கள். வயிற்றுவலியில் வீறிட்ட பச்சைப்பிள்ளைகளைச் சிலிண்டருக்குப் பக்கத்தில் கிடத்தினால் அந்த மூச்சைக் கேட்டு உறங்கிப் போயின, அதனால் கைப்பிள்ளைக்காரிகள் வந்தார்கள். மாதா கோயில் சாமியாருக்கு இழுப்பு நோய், அவர் முதலில் இதையெல்லாம் நம்பக் கூடாது என்று பிரசங்கத்தில் சொன்னார், பிறகு ஒருநாள் தண்ணி கேட்கிற சாக்கில் வந்து மூலையோரம் உட்கார்ந்து சிலிண்டர் இழுக்கும்போது இழுத்து, விடும்போது விட்டுப் பார்த்தார், நெஞ்சு லேசாகிவிட்டது, மறுநாள் சாக்கே சொல்லாமல் வந்தார். டீக்கடை முகைதீன் பாய் சிலிண்டருக்கு முன்னால் ஒரு கிளாஸ் டீ வைத்துவிட்டுப் போவார், "குடிக்காதுதான், இருந்தாலும் ஒரு மரியாதை." உள்ளூர் கேபிள் டிவிக்காரர்கள் வந்து மைக்கை நீட்டினார்கள், மைக்கில் மூச்சு பதிவாகவில்லை, பெர்பெத்தம்மா பேசினது மட்டும் பதிவாகி, அன்றைக்கு ராத்திரி செய்தியில் அதுதான் முழுக்க ஓடியது.

இப்படியே போகப் போக, யாருக்கும் தெரியாமல், அந்தத் தெரு முழுக்க ஒரே மூச்சுக்கு வந்துவிட்டது. வலை பின்னுகிற கை அந்த மூச்சுக்குத்தான் போனது, மாவாட்டுகிற கை அந்த மூச்சுக்குத்தான் சுற்றியது, குழாயடிச் சண்டைகூடச் சுருங்கிவிட்டது, அவ்வளவு நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு ஒருத்தியை எப்படித்தான் ஏசுவது? எதிர்வீட்டுச் சலேத்து ஒருத்திதான் வரவில்லை. சலேத்து கஸ்பாரின் பெரியப்பா மகன் பெண்டாட்டி. இரண்டு வீட்டுக்கும் ஒரு முருங்கைமரத்தை வெட்டினதில் சண்டை வந்து, மரமும் போய், பேச்சும் போய், அவள் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடம் போகிற மட்டுக்கும் சன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள். ஆனால் சன்னலுக்கு அந்தப் பக்கம் அவளும் அதே மூச்சைத்தான் விட்டாள் என்று மெற்றில்டாவுக்குத் தோன்றும், ஏனென்றால் சலேத்து வீட்டு அம்மியும் அதே தாளத்தில்தான் உருண்டது.

எல்லாம் நல்லதுக்குத்தான், கஸ்பாருக்கு மட்டும் அது கெட்டதுக்குப் போனது.

அந்தக் கடலில் குளிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. முதுகில் இருக்கிற காற்றில் போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கடவுளுக்கு ஒரு பங்கு. கடவுள் பங்கைத் தொடக் கூடாது. வலை காலில் சுற்றினால், நீரோட்டம் இழுத்தால், கூட வந்தவனுக்குக் காற்று தீர்ந்துபோனால், அதற்குத்தான் அந்தப் பங்கு. ஒன்றும் நடக்காவிட்டால் அதை அப்படியே கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். முன்னெல்லாம் கஸ்பாரும் மூச்சை எண்ணிக் கணக்கு வைத்து அப்படித்தான் வந்துகொண்டிருந்தான். வீட்டில் பெண்டாட்டி காவல் இருக்கிறாள் என்று ஆன பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான். கம்பியை இழுத்த பிறகும், இன்னாசி டங் டங் என்று தட்டின பிறகும், இன்னும் ஒரு சங்கு, அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரே ஒரு சங்கு என்று தடவிக்கொண்டு கிடந்தான். மூலையில் சிலிண்டர் இழுக்க முடியாமல் இழுப்பதைக் கேட்டுக்கொண்டு மெற்றில்டா அடுப்படியில் நின்று செத்துச் செத்துப் பிழைத்தாள்.

"கடவுள் பங்கைத் திங்காதீங்க," என்றாள் ஒருநாள் காலையில், அவன் கிளம்பும்போது. அன்றைக்கு அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"கீழ என்னா அமைதியா இருக்கும் தெரியுமாட்டி? மேல வரவே மனசு வராது. நீதான் பாத்துக்கிடுதியே, பெறகென்ன பயம்?"

"நான் உங்க பெண்டாட்டி. உங்க மீட்டர் இல்ல. இன்னிக்கு நான் அது பக்கத்துலயே போக மாட்டேன், எண்ணத் தெரிஞ்சா எண்ணிக்கிட்டு மேல வாங்க, இல்லாட்டி அங்கயே குடியிருங்க."

சொன்ன மாதிரியே செய்தாள். கஸ்பார் போன பிறகு உரலை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்து, அடுப்படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஆட்டு ஆட்டென்று மாவாட்டினாள். அந்த நேரத்தில்தான் பெர்பெத்தம்மா, காய்ச்சல் தெளிந்ததற்கு நேர்ந்துகொண்டபடி, மல்லியும் கனகாம்பரமும் வைத்துத் தொடுத்த தொடை தண்டி மாலை ஒன்றைச் சொட்டச் சொட்ட நனைத்துப் பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். சிலிண்டருக்குக் கழுத்து எங்கே இருக்கிறது, போடுவதற்கு? மொழுக்கென்று வழுக்கியது. நீட்டிக்கொண்டு நின்றது ஒன்றே ஒன்றுதான், அந்தக் கம்பி. மாலையை அதில் தொங்கவிட்டு, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு பெர்பெத்தம்மா போய்விட்டாள். ஈரமாலை பாரத்தில் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக, டக்கென்ற சத்தம்கூட இல்லாமல், உறங்கப் போகிறவன் தலை சாய்கிற மாதிரி கீழே இறங்கியது. அங்கே கடலடியில் கஸ்பாரின் தோளுக்குப் பின்னாலும் அது அப்படியே இறங்கியது. பாசத்தில் செய்தது. பாசத்துக்குக் கண் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

வெயில் ஏறி உரலின் நிழல் காலடிக்கு வந்தபோது மெற்றில்டாவுக்கு முதுகு பொறுக்கவில்லை. கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், காது கேட்காமல் இருக்குமா? மூச்சு நீளமாக, சுகமாக வந்துகொண்டிருந்தது. இவ்வளவு நேரம் ஆகியும் இறுகவே இல்லையே, இன்றைக்குக் காற்று கூடுதலாகப் பிடித்தானோ என்று நினைத்து, ஒரு எட்டு எட்டிப் பார்க்கலாம் என்று மாவுக்கையோடு உள்ளே போனாள். மாலையைப் பார்த்தாள். மாலைக்குக் கீழே கம்பியைப் பார்த்தாள்.

"ஐயோ மாதாவே!"

அவள் போட்ட சத்தத்தில் தெரு முழுக்க ஓடிவந்தது. மாலையைப் பிய்த்து எறிந்தாள், கம்பியை மேலே தள்ளினாள், போன காற்று திரும்பி வருமா? அவள் கையில் மாவு, போன் வழுக்கியது, யாரோ வாங்கி இன்னாசிக்குப் போட்டுக் காதில் வைத்தார்கள். "தட்டுங்கண்ணே! விடாமத் தட்டுங்க! கம்பி எறங்கிட்டு, அவருக்குத் தெரியாது!" போனுக்குள் டங் டங் டங் டங் என்று கேட்டது. மூலையில் மூச்சு இறுகியது. ஒரு இழுப்பு, பாதி. இன்னொரு இழுப்பு, அதில் பாதி. இப்போது அவன் கை பின்னால் போய்க் கம்பியைத் தேடும், கம்பி அசைந்துகொடுக்கும், காற்று வராது என்று தெருவில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பில் சோறு கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

தெருவே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது, அதுதான் பழக்கமாயிற்றே.

மெற்றில்டா யோசிக்கவில்லை. இங்கே கம்பி இறங்கினால் அங்கே இறங்கும் என்றால், இங்கே ஊதினால் அங்கே போகாதா? வெடித்துப்போன பழைய ரப்பர்க் குழாயை எடுத்து, கட்டையை வாயில் கடித்து, நெஞ்சில் இருந்த அத்தனை காற்றையும் அதற்குள் ஊதினாள். காலையில் திட்டினது, அதற்கு முன்னால் கெஞ்சினது, எல்லாம் அதில் போயிற்று. ஒரு கணம் ஒன்றும் இல்லை. அப்புறம் குழாயின் அந்த முனையில் யாரோ இழுத்தார்கள், பிள்ளை பால் இழுக்கிற மாதிரி, அவள் உதட்டில் அது தெரிந்தது.

"குடிக்காரு!" என்று கத்தினாள். "எல்லாரும் வாங்க!"

ஒருத்தி நெஞ்சில் எவ்வளவு காற்று இருந்துவிடும்? பெர்பெத்தம்மா அழுதுகொண்டே வாயில் வாங்கி ஊதினாள். கைப்பிள்ளைக்காரிகள் ஊதினார்கள். முகைதீன் பாய் டீக்கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, பிஸ்மி சொல்லி ஊதினார். ஒவ்வொருவர் ஊதும்போதும் மூலையில் ஸ்ஸ்ஸ் என்று இழுப்பும் ஹூ என்று விடுவதும் கேட்டது. இளவட்டம் ஒருத்தன் வேகமாக ஊதப் போனான். வரிசையில் நின்ற சாமியார் அவன் தோளைப் பிடித்தார். "மெதுவா. அவசரப்பட்டு மேல வந்தா நெஞ்சு கிழிஞ்சிரும், ஏறும்போது மூச்சை விட்டுக்கிட்டே ஏறணும். நாம ஊதுத நிதானம்தான் அவன் ஏறுத நிதானம்." சொல்லிவிட்டு, தன்னிடம் இருந்த அரை மூச்சையும் அவர் கொடுத்தார். மூச்சுக்கு மூச்சு எண்ணி வாங்கி வாழ்கிறவர், அதனால் அவர் கொடுத்ததுதான் பெரிசு என்று பிற்பாடு எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

வரிசை தீர்ந்தது. மறுபடி முதலில் இருந்து வர எல்லாருக்கும் தலை சுற்றியது. மெற்றில்டா கட்டையை வாங்கக் கையை நீட்டினாள், அவள் கைக்கு முன்னால் இன்னொரு கை வந்தது. சலேத்து. அடுப்படியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தாள், கையில் கரி. யாரையும் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டையைத் துடைக்காமல் வாயில் வைத்து, முருங்கைமரம் வெட்டின நாளிலிருந்து நெஞ்சில் பூட்டி வைத்திருந்த அத்தனையும் வெளியே வருகிற மாதிரி, நீளமாக, நீளமாக ஊதினாள். சலேத்துக்கு அவ்வளவு பெரிய நெஞ்சு என்று அன்றைக்குத்தான் தெருவுக்குத் தெரிந்தது.

அவள் ஊதி முடிக்கவும் போனுக்குள் இன்னாசி அலறினான். "வந்துட்டான்! கையப் புடிச்சிட்டேன்! மெற்றில்டா, வந்துட்டான் தாயி!"

மூலையில் சிலிண்டர் ஒரு மூச்சு விட்டது. அதோடு அது நின்றுபோனது, அதற்கு அப்புறம் எந்த நாளும் விடவே இல்லை.

சாயங்காலம் கஸ்பார் தெருவுக்குள் வந்தபோது நேரே வீட்டுக்குப் போகவில்லை. ஈரத்துணியோடு ஒவ்வொரு வாசலாக நின்றான். "பாய், இன்னிக்கி இஞ்சி கொஞ்சம் தூக்கல்." "பெர்பெத்தக்கா, வெத்தலைல சுண்ணாம்பக் கொறைங்க." சாமியாரிடம், "உங்க மூச்சுல மருந்து வாசன நல்லாருந்துது சாமி," என்று சொல்லி அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். எதிர்வீட்டு வாசலில் வந்து நின்றபோது சன்னல் திறந்திருந்தது.

"மதினி, உங்க வீட்ல இன்னிக்குச் சுட்ட கருவாடா?"

சலேத்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சன்னலுக்கு வந்தாள்.

"ஆமா கொழுந்தனாரே," என்றாள் சலேத்து. "மிச்சம் இருக்கு, தின்னுதீங்களா?"

வீட்டில் மெற்றில்டா அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், கையில் மாவு காய்ந்து வெடித்திருந்தது. அவன் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் மூலையில் செத்துப்போய் நின்ற சிலிண்டரைப் பார்த்தார்கள்.

"பக்கத்துலயே போக மாட்டேன்னேன். போயிருந்தா முன்னயே பாத்திருப்பேன்," என்றாள்.

"எண்ணுன்னு சொன்ன. நான்லா எண்ணல. கம்பிய இழுத்தேன், எறங்கிட்டு, காத்துதான் வரல. மேல வெளிச்சம் தெரியுது, போக மூச்சு இல்ல. இன்னாசி தட்டுதான், தட்டுதான்... உன்னைய நெனச்சேன். அப்பம் வந்துது பாரு முதல் மூச்சு." அவள் பக்கம் திரும்பினான். "யாரு மூச்சுன்னு எனக்குத் தெரியாதா? ஒரே கோவம்."

மெற்றில்டா அழுதாள், அழுதுகொண்டே அவன் முதுகில் ரெண்டு போடு போட்டாள், வலிக்கத்தான் போட்டாள்.

அடுத்த தரம் கடலுக்குப் போகையில் கஸ்பாரின் தோளில் மீட்டர் வைத்த புது செட் இருந்தது. கிழட்டு மஞ்சளைப் பழையபடி அதன் கூடப்பிறந்தானுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அறுத்த இடத்தில் ஒரு கயிற்றைப் போட்டு இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டான். இரண்டுக்கும் மாலை போடக் கூடாது என்று தெருவில் ஏகமனதாக முடிவானது. பெர்பெத்தம்மா மட்டும் ஆத்தமாட்டாமல் எப்போதாவது ஒரு ஒற்றைப் பூவைத் தரையில் வைத்துவிட்டுப் போவாள்.

அன்றிலிருந்து கடவுள் பங்கை அவன் தொட்டதில்லை. முள் மூன்றில் ஒன்றுக்கு வருவதற்கு முன்னாலேயே படகைப் பிடித்துவிடுவான், அந்தப் பங்கை முதுகில் சுமந்து கரைக்குக் கொண்டுவருவான். வந்ததும் வராததுமாகக் குளிக்காமல்கூட அடுப்படிக்குப் போய், வேர்த்து வடிந்துகொண்டு சோறு வடிக்கிற மெற்றில்டாவுக்கு முன்னால் சிலிண்டரை நிறுத்தி, மூடியைக் கொஞ்சமாகத் திறப்பான். முழுக்கக் காலி பண்ணக் கூடாது, உள்ளே ஈரம் போய்த் துரு பிடித்துவிடும். ஸ்ஸ்ஸ் என்று குளுகுளுவென அந்தக் காற்று வந்து அவள் கழுத்து வேர்வையில் படும், நெற்றி மயிரைத் தூக்கும்.

"மிச்சம் கொண்டாந்துட்டேன்," என்பான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்," என்பாள்.